ஒன்பது முறை சாம்பியன்: ஈரானின் ஜலால் ஹொசைனி குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஆசியக் கால்பந்து கிளப்புகளைப் பற்றி எழுதியபோது, ஈரான் லீக்கில் ஒன்பது முறை சாம்பியன் பட்டம் வென்ற பின்கள வீரர் சையத் ஜலால் ஹொசைனியின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தோம். அந்த ஒரு வரி போதாது என்று பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் அவருடைய கிளப் வாழ்க்கையை ஒட்டியவற்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொண்டுள்ளோம்.

ஒன்பது பட்டங்களையும் ஒரே அணிக்காகவா வென்றார்? அவர் எந்த ஊர்க்காரர், எங்கே ஆடத் தொடங்கினார்?
வாசகர், தூத்துக்குடி

மூன்று அணிகளுக்காக வென்றார். சைபாவில் ஒன்று, செபாஹானில் மூன்று, பெர்செபொலிஸில் ஐந்து. 1982 பிப்ரவரி 3 அன்று பிறந்த ஜலாலின் ஊர், உங்கள் ஊரைப் போலவே ஒரு துறைமுக நகரம். காஸ்பியன் கடலோரம் கீலான் மாகாணத்தில் இருக்கும் பந்தர் அன்சலி. அந்த ஊர் அணியான மலவானில்தான் அவருடைய ஆட்டம் தொடங்கியது. ஈரானியக் கடற்படையின் அரவணைப்பில் வளர்ந்த மலவான், லீக் பட்டத்தை ஒருபோதும் வென்றதில்லை என்றாலும், அந்நாட்டின் நாக் அவுட் போட்டியான ஹஸ்ஃபி கோப்பையை மூன்று முறை வென்ற பெருமை உடையது.

அங்கிருந்து அவர் சைபாவுக்குச் சென்றார். ஈரானில் பெரும்பாலான கிளப்புகளுக்குப் பின்னால் ஒரு தொழில் நிறுவனமோ அரசுத் துறையோ இருக்கும். சைபா ஒரு கார் தயாரிப்பு நிறுவனத்தின் அணி. தெஹ்ரானின் இரு பெரிய அணிகளான பெர்செபொலிஸுக்கும் எஸ்தெக்லாலுக்கும் உள்ள ரசிகர் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட சைபாவுக்குக் கிடையாது. அப்படிப்பட்ட அணி 2006–07 பருவத்தில் சாம்பியன் ஆனது. ஜலாலின் முதல் பட்டம் அதுதான். தேசிய அணியின் கதவு அவருக்குத் திறந்ததும் அதே 2007ஆம் ஆண்டில்தான். அந்த ஆண்டின் ஆசியக் கோப்பையிலேயே அவர் ஆடினார்.

2009இல் இஸ்ஃபஹான் நகரின் செபாஹானில் சேர்ந்தார். முபாரகே எஃகு ஆலையின் பணபலம் அந்த அணிக்கு உண்டு. 2009–10, 2010–11, 2011–12 என்று அடுத்தடுத்து மூன்று பருவங்களிலும் செபாஹானே பட்டம் வென்றது. முதல் இரண்டு பட்டங்களின்போது பயிற்சியாளராக இருந்தவர் அமீர் காலெனொய்; மூன்றாவது பருவத்தைக் குரோஷியாக்காரரான லூகா பொனாசிச் தொடங்கிவைக்க, அதே நாட்டவரான ஸ்லாட்கோ கிராஞ்சார் முடித்துவைத்தார். பயிற்சியாளர் மாறினாலும் பின்களத்தின் நடுவில் நின்றவர் மாறவில்லை. 2001இல் ஈரான் லீக் தொழில்முறைப் போட்டியாக மாற்றியமைக்கப்பட்ட பிறகு, தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்ற முதல் அணி செபாஹான்தான்.

அந்தச் சாதனையைப் பின்னாளில் முறியடித்தது பெர்செபொலிஸ். 2016–17 முதல் 2020–21 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து அவர்கள் சாம்பியன் ஆனார்கள். அந்த ஐந்திலும் ஜலால் இருந்தார். ஒரு சாதனையைப் படைத்த அணியிலும், அதை உடைத்த அணியிலும் ஒருவரே பின்களத்தைக் காத்திருக்கிறார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் நான் வியக்கும் செய்தி. கோப்பைகளின் எண்ணிக்கைகூட எனக்கு அதற்கு அடுத்தபடிதான். நல்ல அணியில் இடம்பிடித்ததால் பட்டம் கிடைத்தது என்று ஒரு கிளப்பை வைத்துச் சொல்லலாம்; மூன்று ஊர், மூன்று முதலாளி, அரை டஜன் பயிற்சியாளர்கள் என்று ஆன பிறகு அந்த வாதம் எடுபடாது.

சைபா வென்ற அந்தப் பருவத்தில் அலி தயீதான் பயிற்சியாளர் என்று படித்தேன். அவர் அப்போது ஆட்டக்காரராகவும் இருந்தாரா?
வாசகர், சேலம்

ஆம், இரண்டுமாக இருந்தார். ஜெர்மானியரான வெர்னர் லோரன்ட் பருவத்தின் இடையிலேயே விலகியதால், ஆட்டக்காரராக இருந்த தயீயிடம் பயிற்சிப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 2007 மே மாதம், கடைசி ஆட்டத்தில் மெஸ் கெர்மானை வென்று சைபா பட்டத்தைக் கைப்பற்றியது; அந்த ஆட்டத்தோடு தயீ ஆட்டக்காரராக விடைபெற்றார்.

பெர்செபொலிஸில் ஜலால் இரண்டு முறை ஆடியிருக்கிறார் என்கிறார்கள். முதல் முறை ஏன் நிலைக்கவில்லை?
வாசகி, மதுரை

முதல் முறை அவர் அங்கே இருந்தது 2012 முதல் 2014 வரை. நேரம் சரியில்லாத நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். 2012–13 பருவத்தைப் போர்ச்சுகீசியரான மானுவல் ஜோசே தொடங்கினார். பாதியில் யஹ்யா கோல்முகமதி பொறுப்பேற்றார். லீக்கில் அணி ஏழாம் இடத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை ஹஸ்ஃபி கோப்பை. ஆசாதி மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் எதிரே வந்து நின்றது, ஜலால் முந்தைய ஆண்டுதான் விட்டுவந்திருந்த செபாஹான். 1–1 என்று சமனில் முடிந்த ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் செபாஹான் வென்றது. ஈரானின் புகழ்பெற்ற மெஹ்தி மஹ்தவிக்கியா விடைபெற்ற ஆட்டமும் அதுவே என்பதால், பெர்செபொலிஸ் ரசிகர்களுக்கு அந்த நாள் இரட்டிப்புக் கசப்பு.

மறு பருவத்தில் அலி தயீ பயிற்சியாளராக வந்தார்; அணி இரண்டாம் இடம் வரை ஏறியது. ஃபூலாத் சாம்பியன் ஆனது. 2014 உலகக் கோப்பை முடிந்ததும் ஜலால் கத்தாரின் அல் அஹ்லி அணிக்குச் சென்றார். ஈரானிய ஆட்டக்காரர்கள் தங்கள் முப்பதுகளில் கத்தாருக்கோ அமீரகத்துக்கோ போவது வழக்கமான பாதைதான். அங்கே சம்பளம் அதிகம், ஆட்டத்தின் சூடு குறைவு. பலர் அங்கேயே ஓய்ந்துவிடுவார்கள். ஜலால் ஒரு பருவத்திலேயே திரும்பினார். திரும்பிச் சேர்ந்ததும் பெர்செபொலிஸில் அல்ல. அலிரேசா மன்சூரியன் பயிற்றுவித்த நஃப்த் தெஹ்ரான் அணியில். எண்ணெய்த் துறையின் அணி அது; நட்சத்திரங்கள் குறைவு, ரசிகர்களும் குறைவு. ஆனால் அதன் கோல்கீப்பர் அலிரேசா பெய்ரான்வந்த். 2016இல் பெர்செபொலிஸ் அந்த இருவரையும் சேர்த்தே அழைத்துக்கொண்டது.

அதற்கு முந்தைய பருவத்தில் பெர்செபொலிஸ், எஸ்தெக்லால் குஸெஸ்தான் அணியோடு புள்ளிகளில் சமமாக இருந்தும் கோல் வித்தியாசத்தில் பட்டத்தை இழந்திருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூலிழை வித்தியாசத்தை அடைக்க, பயிற்சியாளர் பிராங்கோ இவான்கோவிச் ஒரு கோல்கீப்பரையும் 34 வயது பின்கள வீரர் ஒருவரையும் தேர்ந்தெடுத்தார். முன்களத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயரை வாங்கிப் போட்டிருந்தால் பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்திருக்கும். இவான்கோவிச் அந்த வழியில் போகவில்லை. அடுத்த மூன்று பருவங்களிலும் பட்டம் வென்றார்.

34 வயதுக்கு மேல் ஒரு பின்கள வீரர் ஐந்து பட்டங்கள் வெல்வது எப்படிச் சாத்தியம்? முன்கள வீரர்கள் அந்த வயதில் ஓடவே சிரமப்படுகிறார்களே?
வாசகர், கோயம்புத்தூர்

முன்கள வீரருக்கு வேகம் போனால் தொழிலே போயிற்று. நடுப் பின்களத்தில் நிற்பவருக்கு அப்படி அல்ல. அங்கே ஓட்டத்தைவிட நிலையெடுப்பு முக்கியம். ஜலாலின் பிற்கால ஆட்டங்களின் பதிவுகள் கிடைத்தால், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். எதிரணியின் நடுக்கள வீரர் நீண்ட பந்து அனுப்பத் தலையை உயர்த்தும்போதே, ஜலால் இரண்டு எட்டுப் பின்வாங்கி, தோளைப் பக்கவாட்டில் திருப்பியிருப்பார். இளைஞர்கள் பந்து காலைவிட்டுக் கிளம்பிய பிறகு திரும்பி ஓடத் தொடங்குவார்கள். இவர் ஏற்கெனவே பாதி வழியில் இருப்பார். எதிரே வருபவரை நேராகப் போய்த் தடுக்கவும் மாட்டார். கோலுக்கு நேரான வழியை உடலால் அடைத்து, எல்லைக்கோட்டுப் பக்கம் போக மட்டும் இடம் விடுவார். அந்தப் பக்கம் போனவர் அங்கிருந்து கோல் அடிக்க முடியாது.

இன்னொன்று துணை. முன்னே பாய்ந்து, உரசி, மஞ்சள் அட்டைக்கும் அஞ்சாமல் பந்தைப் பறிக்கும் ஷொஜா கலீல்ஸாதே பக்கத்தில் இருந்தார். அவர் விட்டுப்போகும் இடத்தை ஜலால் நிரப்புவார். கலீல்ஸாதே 2020இல் கத்தாரின் அல் ரய்யானுக்குப் போன பிறகு ஹொசைன் கனானிஸாதேகான் அந்தப் பொறுப்பை ஏற்றார். பின்னால் பெய்ரான்வந்த். பயிற்சியாளர்களும் மாறினார்கள்: இவான்கோவிச்சுக்குப் பின் அர்ஜென்டினாவின் கப்ரியேல் கால்தெரோன், அவருக்குப் பின் 2020 தொடக்கத்தில் மீண்டும் யஹ்யா கோல்முகமதி. ஜலாலின் 4ஆம் எண் சட்டையும் கேப்டன் பட்டையும் மட்டும் அப்படியே இருந்தன. அவர் எப்போதாவது தவறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் வேகமான இளைஞர் ஒருவர் ஓடிவிட்டால் துரத்திப் பிடிக்க அவரால் முடியாது என்பது எல்லா எதிரணிகளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இடத்துக்குப் பந்தை அனுப்ப முடிந்தவர்கள் குறைவு.

அந்த ஆண்டுகளில் லீக்கோடு 2018–19 ஹஸ்ஃபி கோப்பையும் கிடைத்தது. இறுதியில் 1–0 என்று தோற்றது கீலான் மாகாணத்தின் தமாஷ் அணி. அதாவது ஜலாலின் சொந்த மண்ணின் அணி.

உள்நாட்டில் இவ்வளவு வென்றவர் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வெல்லாதது ஏன்?
வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டு முறை இறுதி வரை போனார். இரண்டு முறையும் கோப்பை கை நழுவியது. முதலாவது 2018இல். அந்த ஆண்டு பெர்செபொலிஸ் எந்த நிலையில் ஆடியது என்பதைச் சொல்லாமல் தோல்வியை மட்டும் சொல்வது நியாயமாகாது. முன்கள வீரர் மெஹ்தி தரேமி துருக்கியின் ரிசேஸ்போர் கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பிறகு பெர்செபொலிஸுக்கே திரும்பிய விவகாரத்தில், அந்த அணி இரண்டு பதிவுக் காலங்களில் புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஃபிஃபா தடை விதித்திருந்தது. விலகிப் போனவர்களின் இடம் காலியாகவே கிடந்தது. மாற்று ஆட்டக்காரர்களின் வரிசை மெலிந்திருந்தது. அந்த அணியை வைத்துக்கொண்டு, காலிறுதியில் கத்தாரின் அல் துஹைலிடம் முதல் ஆட்டத்தில் 1–0 என்று தோற்று, தெஹ்ரானில் 3–1 என்று வென்றார்கள். அரையிறுதியில் ஸ்பெயினின் புகழ்பெற்ற நடுக்கள வீரர் சாவி ஆடிக்கொண்டிருந்த அல் சத் அணியைத் தோஹாவில் 1–0 என்று வீழ்த்தி, சொந்த மண்ணில் 1–1 என்று சமன் செய்தார்கள். இறுதியில் ஜப்பானின் கஷிமா ஆன்ட்லர்ஸ், நவம்பர் 3 அன்று தன் மைதானத்தில் 2–0 என்று வென்றது. நவம்பர் 10 அன்று ஆசாதி மைதானம் நிரம்பி வழிந்தது. வழக்கமாக உள்ளே விடப்படாத பெண்களில் நூற்றுக்கணக்கானோர் அன்று அனுமதிக்கப்பட்டதும் செய்தியானது. ஆனால் ஆட்டம் 0–0. கஷிமா அன்று கோல் அடிக்கவில்லை. பெர்செபொலிஸின் பின்களம் தன் வேலையைச் செய்தது. கோல் அடிக்க ஆள் இல்லாததுதான் குறை.

இரண்டாவது 2020இல். பெருந்தொற்றின் காரணமாகப் போட்டிகள் கத்தாரிலேயே நடந்தன. அரையிறுதியில் சவூதியின் அல் நஸ்ரைப் பெனால்டி உதைகளில் வென்று, டிசம்பர் 19 அன்று தென் கொரியாவின் உல்சான் ஹியுன்டாயைச் சந்தித்தார்கள். மெஹ்தி அப்தி அடித்த கோலால் முன்னிலை பெற்றும், பெனால்டிகளால் வந்த இரண்டு கோல்களால் 2–1 என்று தோற்றார்கள். ஜலாலுக்கு அப்போது 38 வயது.

2018 உலகக் கோப்பையில் அவர் ஏன் ஆடவில்லை?
வாசகர், திருச்சி

ஈரானுக்காக 100க்கும் மேற்பட்ட சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர், 2014 உலகக் கோப்பையில் பின்களத்தின் தூணாக நின்றவர் என்றாலும், 2018க்கான 23 பேரில் பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ் அவரைச் சேர்க்கவில்லை. மஜீத் ஹொசைனி போன்ற இளைஞர்களை அழைத்துச் சென்றார். மொரோக்கோவை வென்று, ஸ்பெயினிடம் ஒரே கோலில் தோற்று, போர்ச்சுகலைச் சமன் செய்த அணியைப் பார்த்த பிறகு கெய்ரோஸின் பின்களத் தேர்வைக் குறை சொல்வது கடினம். ஆனால் அதே ஆண்டின் இறுதியில் ஆசியாவின் இறுதிப்போட்டியில் ஒரு அணியை வழிநடத்தி ஆடும் அளவுக்கு ஜலாலுக்குத் திராணி இருந்ததும் உண்மைதான்.

ஐரோப்பாவுக்குப் போகாதவரை எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்வது?
வாசகர், சென்னை

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஈரானியப் பின்கள வீரர்கள் ஐரோப்பாவுக்குப் போகாமல் இல்லை. ரஹ்மான் ரெசாயி இத்தாலியில் பெரூஜா, மெஸ்ஸினா, லிவோர்னோ என்று பல பருவங்கள் ஆடினார்; 2004–05இல் மெஸ்ஸினா இத்தாலியின் முதல் நிலை லீக்கில் ஏழாம் இடம் பிடித்தபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஹொசைன் கஅபி 2007இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்குப் போய், சில ஆட்டங்களோடு திரும்பினார். அண்மைக் காலத்தில் மஜீத் ஹொசைனி துருக்கியிலும், எஹ்சான் ஹஜ்சஃபி ஜெர்மனியிலும் கிரேக்கத்திலும் ஆடியிருக்கிறார்கள். ரெசாயி வாரந்தோறும் எதிர்கொண்ட முன்கள வீரர்களின் தரம், ஈரான் லீக்கில் ஜலால் எதிர்கொண்டதைவிட உயர்ந்தது, இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஈரானிய இளைஞர் ஒருவர் ஐரோப்பாவுக்குப் போவதில் திறமை தவிர வேறு தடைகளும் உண்டு. அந்நாட்டில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. அதை முடிக்காமல் வெளிநாடு செல்வது கடினம். ஆகவே இருபதுகளின் தொடக்கத்தில், ஐரோப்பிய கிளப்புகள் ஆள் தேடும் வயதில், பலர் படைத்துறையோடு தொடர்புடைய அணிகளில் சேர்ந்து ஆடி அந்தக் கடமையைக் கழித்தார்கள். ஹஜ்சஃபியே செபாஹானிலிருந்து தப்ரீஸின் டிராக்டர் அணிக்கு அதற்காகத்தான் போனார். இன்னொன்று, ஐரோப்பிய கிளப்புகள் ஈரானில் தேடுவது பெரும்பாலும் கோல் அடிப்பவர்களை. பின்கள வீரரின் மதிப்பு எண்களில் தெரிவதில்லை என்பதால் தொலைவிலிருந்து வாங்குபவர் தயங்குகிறார்.

என் கணிப்பில் ரெசாயி எட்டிய உயரம் பெரிது. ஜலால் நின்று காட்டிய காலம் பெரிது. இரண்டில் எதைப் பெரிதாகக் கொள்வது என்பது உங்கள் விருப்பம். எனக்கு இரண்டாவதுதான்.

ஜலாலை இந்தியாவில் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்ததா?
வாசகி, நாகர்கோவில்

கிடைத்தது, ஆனால் தொலைக்காட்சியில். 2021 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் ஒரு பிரிவு ஆட்டங்கள் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தன. எஃப்.சி. கோவா, பெர்செபொலிஸ், கத்தாரின் அல் ரய்யான், அமீரகத்தின் அல் வஹ்தா ஆகிய நான்கும் அந்தப் பிரிவில் இருந்தன. ஏப்ரல் 20 அன்று கோவாவின் எடு பெடியா 14ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி அடித்த கோல், அந்தப் போட்டியின் பிரிவுச் சுற்றில் ஓர் இந்திய கிளப் அடித்த முதல் கோல். அந்த மகிழ்ச்சி நான்கு நிமிடம்தான் நீடித்தது. மெஹ்தி தொராபி பெனால்டியில் சமன் செய்தார். 24ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர், 39 வயது ஜலால் ஹொசைனி. தடுக்க வந்தவர் கோல் அடித்துவிட்டுப் போய், மீதி நேரத்துக்குக் கோவாவின் முன்களத்தை அடைத்து வைத்தார். 2–1 என்று முடிந்த அந்த ஆட்டத்துக்கு மூன்று நாள் கழித்து, பெர்செபொலிஸ் 4–0 என்று மறுபடி வென்றது.

கலீல்ஸாதேயின் புதிய அணியான அல் ரய்யானும் அதே பிரிவில் இருந்ததால், பழைய கூட்டாளிகளின் கிளப்புகள் ஒன்றுக்கொன்று எதிரணியாக வந்தன.

ஜலால் எப்போது ஓய்வு பெற்றார்?
வாசகர், விழுப்புரம்

2022இல், 40 வயதில். கடைசிப் பருவத்தில் எஸ்தெக்லால் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆக, பெர்செபொலிஸ் இரண்டாம் இடம் பெற்றது.

ஈரானியப் பின்கள வீரர் யாராவது நம் சென்னை அணிக்கு ஆடியிருக்கிறாரா?
வாசகர், காஞ்சிபுரம்

ஆடியிருக்கிறார். 2022–23 இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி.யின் நடுப் பின்களத்தில் நின்ற வஃபா ஹகமனேஷி ஈரானியர்தான். ஜெர்மானியரான தாமஸ் பிர்தாரிச் பயிற்றுவித்த அந்த அணி எட்டாம் இடத்தில் முடிந்தது. ஹகமனேஷி பின்களத்திலிருந்து முன்னேறி வந்து கோல்களும் அடித்தார். அதற்கு வெகு முன்பே, 1980இல், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸ்ஸிரி ஆகிய ஈரானியர்கள் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக ஆடிப் பெரும்புகழ் பெற்றார்கள். ஆனால் அவர்கள் கோல் அடிக்கும் பக்கத்து ஆட்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே கேள்விகள் வந்திருப்பதால் அடுத்த இதழில் பதில் தருகிறோம்.